கொள்ளுக் கொடியும் லேசர் கண்ணும்

கார்த்திகை முடிந்து மார்கழி பிறக்கும் சமயத்தில் ஹனூர், ராமாபுரம் பக்கம் போகிறவர்களுக்குத் தார்ச்சாலையின் பாதி அகலம்தான் கிடைக்கும். மீதிப் பாதி களமாகிவிடும். அறுத்துக் காயவைத்த கேழ்வரகுத் தாளையும், வேரோடு பிடுங்கிய கொள்ளுக் கொடியையும் விவசாயிகள் சாலையிலேயே பரப்பி வைப்பார்கள். பேருந்தும் லாரியும் அதன்மேல் ஏறி இறங்க, கூலி இல்லாமலே மணி உதிரும். சாயங்காலம் தாளை உதறி எடுத்துவிட்டு, தானியத்தைக் கூட்டித் தூற்றி மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பழைய மைசூரு வட்டாரம் முழுக்க இந்தப் பழக்கம் உண்டு. கூடாது என்று அதிகாரிகள் வருடாவருடம் சொல்கிறார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. பைக் வழுக்கும். காய்ந்த கொடி காரின் அடியில் சுற்றிக்கொண்டு, சைலன்சர் சூட்டில் பற்றி, வண்டியே எரிந்துபோனதும் உண்டு.

இந்தப் பரப்பைப் பார்த்ததும் பேருந்து ஓட்டுநர் கியரைக் குறைக்கிறார். ஓரத்தில் குச்சியோடு நிற்கிற பெண்ணைப் பார்க்கிறார். அவர் நகர்ந்துகொண்டதும் மேலே ஏற்றிப் போகிறார். ஓட்டுநரே இல்லாத கார் வந்தால் என்ன செய்யும்? என் ஊகம், நின்றுவிடும். முழங்கால் உயரத்துக்கு ஏதோ ஒன்று பாதையை அடைத்துக்கொண்டு கிடக்கிறது என்பதுவரை அதற்குத் தெளிவாகத் தெரியும். அது ஏறிப் போகக்கூடிய ஒன்று, ஏறிப் போகவேண்டும் என்றே போட்டுவைத்த ஒன்று என்பது தெரியாது.

ராமாபுரம் இப்போது சாமராஜநகர் மாவட்டம், ஹனூர் வட்டம். 1997 வரை இது மைசூரு மாவட்டம். இன்னும் பின்னால் போனால், 1956-இல் மாநிலங்கள் பிரியும் வரை, இது அடங்கியிருந்த கொள்ளேகால் வட்டமே சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. இந்தப் பக்கம் மாதேஸ்வரன் மலை, அந்தப் பக்கம் பர்கூர் மலை, சுற்றிலும் யானைக் காடு. இதே வட்டாரத்தின் இன்னொரு முனையில் பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலை இருக்கிறது. ஏறத்தாழ 119 கி.மீ., நடுவில் ஆறு வழித்தடம், இரு பக்கமும் தனியாகச் சர்வீஸ் ரோடு. தானியங்கிக் கார் நல்லதா கெட்டதா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதில் எனக்கு விருப்பமில்லை. இந்த இரண்டு சாலைகளில் எதில் ஓட்டப்போகிறோம் என்பதைச் சொல்லிவிட்டுக் கேட்டால்தான் அந்தக் கேள்விக்குப் பொருள் வரும்.

முதலில் அந்தக் காருக்குக் கண் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். பெரும்பாலான தானியங்கிக் கார்களில் மூன்று வகைக் கருவிகள் உண்டு. கேமரா நிறத்தையும் எழுத்தையும் பார்க்கும்; சிக்னல் சிவப்பா பச்சையா என்பதை அதுதான் சொல்ல முடியும். ரேடார் 77 கிகாஹெர்ட்ஸ் அளவிலான ரேடியோ அலையை அனுப்பி, திரும்பி வரும் அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை வைத்து எதிரே உள்ள பொருளின் வேகத்தை நேரடியாகக் கணிக்கும். மழையும் மூடுபனியும் அதை அதிகம் தொந்தரவு செய்யாது. மூன்றாவது லைடார். கண்ணுக்குத் தெரியாத லேசர் துடிப்புகளை நொடிக்கு லட்சக்கணக்கில் வீசி, ஒவ்வொன்றும் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும். 60 மீட்டர் தூரத்தில் நிற்கும் மாட்டின் மேல் பட்டுத் திரும்ப ஒளிக்கு ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கில் பாதிகூட ஆகாது. இப்படிக் கிடைக்கும் லட்சக்கணக்கான புள்ளிகளைச் சேர்த்தால் சுற்றுப்புறத்தின் முப்பரிமாண வடிவம் கிடைத்துவிடும், கும்மிருட்டிலும். ஆரம்பத்தில் கூகுள் பயன்படுத்திய லைடார் ஒன்றின் விலை 75,000 டாலர், காரைவிட அதிகம். இப்போது சில நூறு டாலருக்கே கிடைக்கிறது. இந்தத் தொழில் பிழைத்ததற்கு இந்த விலைச் சரிவு ஒரு முக்கியக் காரணம்.

பார்ப்பது ஒன்று, பார்த்ததற்குப் பெயர் வைப்பது வேறு. அதைச் செய்வது நரம்பு வலையமைப்பு எனும் கணிமுறை. இது கார், இது ஆள், இது கம்பம் என்று மனிதர்கள் கோடு போட்டுக் குறித்துவைத்த படங்களை ஆயிரக்கணக்கில் காட்டி அதைப் பழக்குகிறார்கள். காட்டாததை அது அறியாது. தொடக்கக் காலத்துப் படத்தொகுப்புகளில் பல ஜெர்மனியின் நகரங்களில் எடுக்கப்பட்டவை. கோடு போட்ட சாலை, வரிசையில் போகும் கார், நடைபாதையில் நடக்கும் மனிதர். அதில் பழகிய கணினிக்கு நம்மூர் ஷேர் ஆட்டோவைக் காட்டினால் திணறிப்போகும்.

இந்தக் குறையைத் தீர்க்க ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யும் இன்டெல் நிறுவனமும் சேர்ந்து 2018-இல் இந்தியச் சாலைகளுக்கென ஒரு படத்தொகுப்பை வெளியிட்டன. ஹைதராபாத், பெங்களூரு, அவற்றின் புறநகர்ச் சாலைகளில் எடுத்த சுமார் 10,000 படங்கள், 34 வகைப் பெயர்கள். ஆட்டோவுக்குத் தனிப்பெயர், விலங்குக்குத் தனிப்பெயர், விளம்பரப் பலகைக்கும் தனிப்பெயர். எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. சாலை இல்லை, ஆனாலும் ஓட்டலாம் என்று ஒரு வகையை அவர்கள் சேர்த்திருக்கிறார்கள். தார் முடிந்து மண் தொடங்கும் அந்த ஓரம். எதிரே லாரி வந்தால் இரண்டு சக்கரத்தை அதில் இறக்கித்தானே நாமெல்லாம் பிழைக்கிறோம். ஐரோப்பியத் தொகுப்புகளில் அதற்கு இடமே தேவைப்படவில்லை.

ராமாபுரத்துக்கு இதுவும் போதாது. சிவராத்திரி சமயத்தில் மாதேஸ்வரன் மலைக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இரவெல்லாம் தார்ச்சாலையில் நடப்பார்கள். கொண்டை ஊசி வளைவில் எதிரே வருவது தெரியாதபோது ஹார்ன்தான் கண். ஒரு தட்டு தட்டினால் வருகிறேன் என்று பொருள். விடாமல் அடித்தால் பிரேக் பிடிக்கவில்லையோ என்று ஒதுங்குவோம். முன்னால் போகும் லாரியின் கிளீனர் ஜன்னல் வழியே கையை ஆட்டினால் முந்தலாம். பழுதாகி நின்ற லாரிக்குப் பின்னால் இருபது அடி தள்ளி நாலு கல்லும் ஒரு பச்சை மரக்கிளையும் கிடந்தால், அது குப்பை அல்ல, எச்சரிக்கை. இவற்றில் பெரும்பாலானவை போக்குவரத்து விதிப் புத்தகத்தில் இல்லை. ஓட்டுநர் உரிமம் வாங்கும்போது யாரும் கேட்பதும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துக் கற்றவை.

இவ்வளவு சொன்னதால் இந்தக் காரே வீண் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மனித ஓட்டுநரின் லட்சணத்தையும் பார்க்கவேண்டுமே. சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். ஏறக்குறைய மூன்று நிமிடத்துக்கு ஒருவர். இதில் 44.5 சதவீதம் இரு சக்கர வண்டியில் போனவர்கள், 19.5 சதவீதம் நடந்து போனவர்கள். அதாவது இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் கூண்டுக்கு வெளியே இருந்தவர்கள். காருக்குள் இருப்பவருக்கு ஏர்பேக் உண்டு. இவர்களைக் காப்பாற்ற இவர்கள்மேல் வந்து மோதும் வண்டி நேரத்துக்கு நிற்கவேண்டும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 28 மீட்டரைக் கடக்கும். எதிரே ஆபத்தைப் பார்த்து, உறைத்து, காலைத் தூக்கி பிரேக்கில் வைக்க மனிதருக்கு ஒன்றரை நொடி என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 42 மீட்டர் ஓடிவிட்டது. அதன்பிறகு பிரேக் பிடித்து நிற்க, காய்ந்த நல்ல சாலையில், இன்னும் 56 மீட்டர். மொத்தம் 98. கணினிக்கு அரை நொடி போதும் என்று கொண்டால் மொத்தம் 70 மீட்டரில் நின்றுவிடும். வித்தியாசம் 28 மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் கணினி ஓட்டிய கார் நின்றுவிட்ட அதே இடத்தை மனிதர் ஓட்டிய கார் தாண்டும்போது அதன் வேகம் இன்னும் மணிக்கு 70 கி.மீ. அளவில் இருக்கும். அந்த இடத்தில் ஒரு ஆள் நின்றிருந்தால், கணினி ஓட்டிய காருக்கு முன்னால் பயந்துபோவார், மனிதர் ஓட்டிய காருக்கு முன்னால் பிழைக்கமாட்டார். தவிர, கணினி குடிப்பதில்லை. விடிகாலை நாலு மணிக்கு அதற்குக் கண் சொக்குவதில்லை. வாட்ஸ்அப்பும் பார்ப்பதில்லை.

நிஜ உலகில் இது மெய்யாகியிருக்கிறதா? அமெரிக்காவில் வேமோ நிறுவனம் 2020 முதல் பீனிக்ஸ் பகுதியில் பொதுமக்களுக்கு ஓட்டுநரில்லா டாக்சி ஓட்டுகிறது. பிறகு சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சல்ஸ், ஆஸ்டின் என்று பரவியது. 5.67 கோடி மைல் ஓடிய கணக்கை வைத்து 2025-இல் ஒரு ஆய்வு வந்தது. அதே ஊர்களில் மனிதர்கள் ஓட்டியதோடு ஒப்பிட்டால், பலத்த காயமோ அதைவிட மோசமானதோ நேர்ந்த விபத்துகள் 85 சதவீதம் குறைவு. பாதசாரிகளுக்குக் காயம்பட்ட விபத்துகள் 92 சதவீதம் குறைவு. ஆய்வை எழுதியவர்கள் அந்த நிறுவனத்தின் ஆட்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். ஆனால் துறை வல்லுநர்கள் சரிபார்த்து இதழில் வந்த கணக்கு. ஓடியது எல்லாம் அங்குலம் அங்குலமாக வரைபடம் எடுத்துவைத்த சாலைகளில் என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

பார்வையில்லாதவர்களுக்கும் முதியவர்களுக்கும் இது தரக்கூடிய விடுதலையைக் குறைத்துச் சொல்ல முடியாது. 2015-இல் ஆஸ்டின் நகரத்தில் பார்வைக் குறைபாடுள்ள ஒருவர் ஸ்டீயரிங்கே இல்லாத கூகுள் காரில் தனியாகப் பயணம் போனார். டாக்டரைப் பார்க்கப் போக மகன் லீவு போட்டு வரும்வரை காத்திருக்கும் பெரியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஆபத்து எங்கே இருக்கிறது என்றால், என் பார்வையில், முழுத் தானியங்கியைவிட அரைத் தானியங்கியில் அதிகம் இருக்கிறது. இந்த வண்டிகளைப் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஐந்தாவது படியில் எங்கும், எப்போதும் தானே ஓடும். அப்படி ஒரு கார் இன்று உலகில் இல்லை. வேமோ நான்காவது படி: குறிப்பிட்ட ஊருக்குள் மட்டும். நம் ஷோரூம்களில் ‘அடாஸ்’ என்று சொல்லி விற்பது பெரும்பாலும் இரண்டாவது படி. 2021-இல் வந்த மஹிந்திரா எக்ஸ்யூவி700 இதை நடுத்தர விலைக்குக் கொண்டுவந்தது. பிறகு டாடா, ஹோண்டா, ஹூண்டாய் எல்லாவற்றிலும் வந்துவிட்டது. தடத்துக்குள்ளேயே வண்டியை வைத்துக்கொள்ளும், முன்வண்டியின் வேகத்துக்கு ஏற்பத் தன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். ஆனால் பொறுப்பு முழுக்க ஓட்டுநருடையது. கையும் கண்ணும் விலகக்கூடாது.

எந்நேரமும் கவனமாக இரு, ஆனால் ஒன்றும் செய்யாதே என்று மனிதரிடம் கேட்பது நடக்கிற காரியமா? இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படையின் ரேடார் திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எதிரியின் நீர்மூழ்கிகளைத் தவறவிட்டது ஏன் என்று நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர் ஆராய்ந்தார். ஒரே முள் ஓடும் ஒரு கடிகாரத்தைப் பார்க்கவைத்து, முள் எப்போதாவது ஒருமுறை இரட்டைத் தாவல் தாவினால் பொத்தானை அழுத்தச் சொன்னார். அரை மணி நேரத்துக்குள்ளேயே தவறுகள் கூடின. சோம்பேறித்தனம் இல்லை, மூளையின் இயல்பே அதுதான். எழுபது ஆண்டுகள் கழித்து, 2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் டெம்பி நகரில் அதே இயல்பு ஒரு உயிரைக் குடித்தது. ஊபர் நிறுவனத்தின் சோதனைக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்ணை மோதிக் கொன்றது. கருவிகள் அவரை 5.6 நொடிகளுக்கு முன்பே பார்த்துவிட்டன. வண்டி என்றது, வேறேதோ என்றது, சைக்கிள் என்றது. ஒவ்வொரு தடவை பெயரை மாற்றும்போதும் அவர் அதுவரை எந்தத் திசையில் நகர்ந்துகொண்டிருந்தார் என்ற பழைய கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியது. பாதசாரிகள் கடக்கும் கோடு இல்லாத இடத்தில் ஒருவர் சாலையைக் கடப்பார் என்று அந்த மென்பொருளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நம் நாட்டில் எல்லோரும் அப்படித்தான் கடக்கிறோம். வோல்வோ கம்பெனி அந்தக் காரில் வைத்திருந்த தானியங்கி பிரேக்கைச் சோதனைக்காக அணைத்துவைத்திருந்தார்கள். மேற்பார்வைக்கு உட்கார்ந்திருந்தவர் கைபேசியில் டி.வி. நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

2025 மார்ச்சில் சீனாவின் அன்ஹுய் மாகாண விரைவுச்சாலையில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. மணிக்கு 116 கி.மீ. வேகத்தில் அரைத் தானியங்கி முறையில் போன ஷாவ்மி கார், வேலை நடக்கும் இடத்தில் தடம் மாற்றிவிடப்பட்டிருந்ததைக் கண்டு எச்சரித்தது. ஓட்டுநர் ஸ்டீயரிங்கைப் பிடித்துச் சில நொடிகளில் கான்கிரீட் தடுப்பில் மோதியது. மூன்று கல்லூரி மாணவிகள் இறந்தார்கள். அதன்பிறகு அந்நாட்டு அரசு, விளம்பரங்களில் தானே ஓடும் கார் என்ற தோரணையில் பேசக்கூடாது என்று கம்பெனிகளைக் கட்டுப்படுத்தியது. நம்மூர் விரைவுச்சாலைகளில் இரவோடு இரவாக டிரம்மும் மணல் மூட்டையும் வைத்துத் தடம் திருப்புவதை நினைத்துப் பாருங்கள்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. வேகமாகப் போகும்போது ரேடாருக்கு நிற்கும் பொருள்கள் தலைவலி. மேம்பாலம், பெயர்ப்பலகை, தடுப்புக் கம்பி எல்லாமே நிற்பவைதான். அத்தனைக்கும் பிரேக் போட்டால் வண்டி நகராது. அதனால் பழைய அமைப்புகள் பல, அசையாத எதிரொலிகளை ஒதுக்கிவிடும்படி எழுதப்பட்டவை. நம் நெடுஞ்சாலைகளில் இரவில் உயிரை எடுப்பது எது? பின்விளக்கு எரியாமல் இடது தடத்தில் நிற்கும் லாரி. கேமராவுக்கு இருட்டில் தெரியாது, ரேடார் பொருட்படுத்தாது, லைடார் மட்டும் பார்க்கும். ஆனால் இங்கே விற்கும் சாதாரணக் கார்களில் லைடார் இல்லை. காசு கொடுத்து வாங்கிய ‘அடாஸ்’ நம்மைக் காக்கும் என்று நம்பி இரவில் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கிறவர் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலைக்கு வருவோம். 2023 மார்ச் 12 அன்று மண்டியாவில் பிரதமர் அதைத் திறந்துவைத்தார். முதல் சில மாதங்களில் சாவு எண்ணிக்கை திகிலூட்டியது. அந்த ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோ, டிராக்டர் போன்றவற்றுக்கு நடுத்தடத்தில் தடை வந்தது. வேக வரம்பு 100 என்று வைத்து, எண் பலகையைப் படிக்கும் கேமராக்களை மாட்டினார்கள். விபத்துச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. கணினி யாருடைய ஸ்டீயரிங்கையும் தொடவில்லை. அபராதச் சீட்டு அனுப்பியதோடு சரி. தானியங்கிக் கார் இந்தியாவில் முதலில் ஓடினால் இப்படிப்பட்ட சாலையில்தான் ஓடும். ஒரே வகை வண்டிகள், நடக்கிறவர் இல்லை, கோடு அழியவில்லை. டெல்லி மெட்ரோவில் 2020 டிசம்பரிலிருந்தே ஓட்டுநரில்லா ரயில் ஓடுகிறதே, அது சாத்தியமானதும் இதனால்தான்: தண்டவாளத்தில் கொள்ளுக் காயவைக்க யாரும் வரமாட்டார்கள்.

முயற்சிகள் இங்கே இல்லாமல் இல்லை. பெங்களூருவின் மைனஸ் ஜீரோ நிறுவனம் 2023-இல் ஸ்டீயரிங் இல்லாத ஒரு வண்டியைக் காட்டியது. லைடாரை விட்டுவிட்டுக் கேமராவை நம்பும் வழி. போபாலின் ஸ்வாயத் ரோபோட்ஸ் ஒழுங்கற்ற போக்குவரத்தில் பொலேரோவை ஓட்டிப் பார்க்கிறது. விப்ரோ, இந்திய அறிவியல் கழகம், ஆர்.வி. பொறியியல் கல்லூரி மூன்றும் சேர்ந்து செய்த காரை 2025 அக்டோபரில் பெங்களூருவில் கல்லூரி வளாகத்துக்குள் ஓட்டிக் காட்டினார்கள். எல்லாம் சோதனைதான்.

சட்டப்படி பொதுச்சாலையில் விட முடியாது. 1988-இன் மோட்டார் வாகனச் சட்டம், உரிமம் வைத்திருக்கும் ஒரு மனிதர் ஓட்டுவார் என்ற அடிப்படையில் எழுதப்பட்டது. மோதினால் யார் மேல் வழக்கு? காரில் பின்சீட்டில் தூங்கியவர் மேலா, மென்பொருள் எழுதிய கம்பெனி மேலா? ஜெர்மனி 2021-இலும் பிரிட்டன் 2024-இலும் இதற்கெனச் சட்டம் போட்டுவிட்டன. இங்கே 2019-இன் திருத்தத்தில் ஆராய்ச்சிக்காகச் சில வண்டிகளுக்கு விலக்கு தர ஒரு பிரிவு சேர்த்ததோடு நிற்கிறது. மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017-இலேயே அனுமதிக்கமாட்டேன் என்றார். 2023 டிசம்பரிலும் அதையே சொன்னார், எழுபது எண்பது லட்சம் ஓட்டுநர்களின் பிழைப்பு போய்விடும் என்று. அதே அமைச்சர், நாட்டில் 22 லட்சம் தேர்ந்த ஓட்டுநர்களுக்குப் பற்றாக்குறை என்றும் சொல்லிவருகிறார். இரண்டும் உண்மையாக இருக்கலாம். லாரித் தொழிலில் இளைஞர்கள் சேராததற்குக் காரணம் ரோபோ இல்லை, கூலியும் தூக்கமும்தான்.

ஆகவே ராமாபுரம் மாதிரி ஊர்களுக்கு இந்தத் தொழில்நுட்பம் வரவேண்டிய வழி கார் வழியாக அல்ல என்று நினைக்கிறேன். பேருந்து, லாரி வழியாக வரவேண்டும். மோதப்போகிறோம் என்று தெரிந்தால் தானே பிரேக் போடுவது, தடம் விலகினால் எச்சரிப்பது, ஓட்டுநரின் கண் செருகினால் தட்டி எழுப்புவது ஆகிய மூன்றையும் கனரக வாகனங்களுக்குக் கட்டாயமாக்கும் வரைவு விதியை 2025-இல் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்டது. மலையிலிருந்து இரவில் இறங்கும் பேருந்தில் ஓட்டுநர் இருக்கட்டும். ஹார்னையும் மரக்கிளையையும் கொள்ளுக் கொடியையும் அவர் படிக்கட்டும். அவர் கண்ணயரும் அந்த ஒரு நொடியை மட்டும் கருவி பார்த்துக்கொள்ளட்டும்.

அதற்கும் ஒரு விலை உண்டு, அது வண்டி விலையில் தெரியாது. இந்தக் கருவிகளின் கேமரா முன்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. ரேடார் முன்பம்பருக்குள். கல் தெறித்துக் கண்ணாடி மாற்றினாலோ, பம்பர் உரசினாலோ, கோணம் ஒரு டிகிரி விலகினால் 100 மீட்டர் தூரத்தில் கிட்டத்தட்ட ஒன்றேமுக்கால் மீட்டர் தள்ளிப் பார்க்கும். அதாவது நம் தடத்தில் நடப்பவரைப் பக்கத்துத் தடத்தில் இருப்பதாக நினைக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் தனிக்கருவி வைத்துச் சரிபார்க்கவேண்டும். பெங்களூருவின் கம்பெனி சர்வீஸ் சென்டரில் அதற்கு வசதி இருக்கும். கொள்ளேகால் பட்டறைக்கும் பேருந்துப் பணிமனைக்கும் அந்தக் கருவியையும், அதைக் கையாளப் பழகிய ஒரு மெக்கானிக்கையும் யார் தரப்போகிறார்கள் என்பதை விதி எழுதுகிறவர்கள் இப்போதே முடிவு செய்தாகவேண்டும்.